அறிஞர்களின் கணக்கும் ஆட்சியாளர்களின் துணிச்சலும்

ஜப்பான் நாடாளுமன்றக் கீழவையின் வரவு-செலவுக் குழுவில் 2025 நவம்பர் 7-ஆம் தேதி எதிர்க்கட்சி உறுப்பினர் கட்சுயா ஒகாடா ஒரு கேள்வி எழுப்பினார். முன்னாள் வெளியுறவு அமைச்சரான அவருக்கு அந்தக் கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் விடை என்னவென்று நன்றாகவே தெரியும். "சூழ்நிலைக்கேற்ப அனைத்துத் தகவல்களையும் ஆராய்ந்து முடிவெடுப்போம்" என்பதுதான் அது. பதவியேற்று மூன்று வாரங்கள்கூட ஆகியிராத பிரதமர் சனே தகாய்ச்சி அந்த வழக்கமான விடையோடு நிற்கவில்லை. தைவானுக்கு எதிராகப் போர்க்கப்பல்களைக் கொண்டு படைபலம் பயன்படுத்தப்படுமானால், அது ஜப்பானின் இருப்புக்கே அச்சுறுத்தலான சூழ்நிலையாக அமையக்கூடும் என்றார் அவர்.

அடுத்த இரு வாரங்களில் சீனா தன் குடிமக்களை ஜப்பானுக்குச் செல்ல வேண்டாம் என அறிவுறுத்தியது. ஜப்பானியக் கடலுணவு இறக்குமதி மீண்டும் நின்றுபோனது. சீன நகரங்களில் ஜப்பானியத் திரைப்படங்களும் இசை நிகழ்ச்சிகளும் ஒத்திவைக்கப்பட்டன. இத்தகைய குறிப்பான நிலைமைகளைப் பற்றி இனிப் பேசுவதைத் தவிர்ப்பேன் என்று பிரதமர் கூறினாலும், சொன்னதைத் திரும்பப் பெற மறுத்துவிட்டார்.

அவர் கூறியது சட்டப்படி தவறா என்றால், இல்லை. 2015-இல் நிறைவேறிய பாதுகாப்புச் சட்டங்களில் அந்தச் சொற்றொடர் இருக்கிறது. ஜப்பான் நேரடியாகத் தாக்கப்படாவிட்டாலும், நெருங்கிய நட்பு நாடொன்று தாக்கப்பட்டு அதனால் ஜப்பானின் இருப்பே ஆபத்துக்குள்ளாகுமானால் தற்காப்புப் படைகளைப் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். எந்த இடம், எந்த நாடு, எந்த வகைத் தாக்குதல் என்பதைச் சொல்லாமல் வைத்திருப்பதுதான் அந்தச் சட்டத்தின் பலமாக இருந்து வந்தது. சொல்லாமல் விட்ட அந்த வெற்றிடத்தை உருவாக்கிப் பேணியவர்களில் பெரும் பகுதியினர் அரசியல்வாதிகள் அல்லர், பல்கலைக்கழகப் பேராசிரியர்கள். ஜப்பானின் ராஜதந்திரத்தில் அறிஞர்களுக்கு உள்ள இந்தப் பங்கு நம் நாட்டில் அதிகம் பேசப்படுவதில்லை.

2015 சட்டத்துக்கு அடித்தளமிட்ட குழுவையே எடுத்துக்கொள்வோம். பிரதமர் ஷின்ஸோ அபே அமைத்த அந்தக் குழுவின் அறிக்கை 2014 மே மாதம் வெளியானது. குழுவை நடைமுறையில் வழிநடத்தியவர் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் அரசியல் வரலாறு கற்பித்த ஷினிச்சி கிடவோகா. ஐ.நா.வில் ஜப்பானின் துணைத் தூதராகப் பணியாற்றிய அனுபவமும் அவருக்கு உண்டு. பிற்காலத்தில் ஜைக்கா எனப்படும் ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் தலைவரானார். சென்னை மெட்ரோ ரயிலுக்குக் கடன் வழங்கிய அதே அமைப்புதான். அவருக்கு முன்பும் பின்பும் அந்தப் பதவியை வகித்த அகிஹிகோ தனாகாவும் பன்னாட்டு அரசியல் பேராசிரியரே.

அதே சட்ட முன்வரைவு நாடாளுமன்றத்தில் இருந்தபோது, 2015 ஜூன் 4-ஆம் தேதி, அரசமைப்புச் சட்ட ஆணையத்தின் முன் மூன்று சட்டப் பேராசிரியர்கள் கருத்துரைக்க அழைக்கப்பட்டனர். மூவருமே முன்வரைவு அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்றனர். அவர்களில் ஒருவரான யசுவோ ஹசெபே ஆளுங்கட்சியின் தரப்பிலிருந்து அழைக்கப்பட்டவர்! அரசு சற்றுத் தடுமாறியது. ஆனால் செப்டம்பரில் சட்டம் நிறைவேறிவிட்டது. ஓர் அறிஞர் குழுவின் சொல் சட்டமாயிற்று. இன்னோர் அறிஞர் குழுவின் சொல் அவைக் குறிப்பில் தங்கிவிட்டது.

இங்கு என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பொருளியல் கற்பித்தேன். போருக்குப் பிந்தைய ஜப்பானின் மீட்சி என்ற பாடம் ஒவ்வோர் ஆண்டும் வரும். நிலக்கரியையும் எஃகையும் முதலில் உயிர்ப்பித்து, அவற்றின் வழியே மற்றத் தொழில்களைத் தூக்கி நிறுத்திய 'முன்னுரிமை உற்பத்தி' முறையைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்குவேன். அந்தத் திட்டத்தை வகுத்தவர் ஹிரோமி அரிசாவா என்றும் சொல்வேன். 1947-இல் 3 கோடி டன் நிலக்கரி என்ற இலக்கையும் மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். அந்த அரிசாவா அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அப்போது எனக்கே தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு படித்தபோதுதான் தெரிந்தது. பாடத்தின் பாதியை மட்டுமே நடத்தியிருக்கிறேன் என்று தோன்றியது.

டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் கற்பித்த அரிசாவா, 1938-இல் இடதுசாரிப் பேராசிரியர்கள் மீதான நடவடிக்கையில் கைது செய்யப்பட்டவர். பணியிலிருந்தும் விலக்கப்பட்டார். வழக்கு முடியாத நிலையிலேயே அவரைத் தேடி வந்தது ராணுவம். லெப்டினன்ட் கர்னல் ஜிரோ அகிமாரு என்பவரின் தலைமையில் ராணுவ அமைச்சகம் ஒரு ரகசியப் பொருளாதார ஆய்வுக் குழுவை அமைத்திருந்தது. எதிரி நாடுகளின் பொருளாதார வலிமையையும் பலவீனத்தையும் கண்டறிவது அதன் பணி. பிணையில் இருந்த மார்க்சியரை ராணுவமே அழைத்து பிரிட்டன் - அமெரிக்கப் பிரிவுக்குப் பொறுப்பாக்கியது. கணக்குப் போடத் தெரிந்தவர் தேவை என்னும்போது அரசுகள் கொள்கையைப் பார்ப்பதில்லை.

1941 கோடையில் கணக்கு முடிந்தது. பிரிட்டன் தனியாக நின்றால் அதனால் நீண்ட போரைத் தாங்க முடியாது. ஆனால் அமெரிக்காவின் உற்பத்தி அதனுடன் சேர்ந்தால் பற்றாக்குறை முழுவதும் நிரம்பி மிச்சமும் இருக்கும். அவற்றின் ஒரே நலிந்த இடம் கடல்வழிக் கப்பல் போக்குவரத்துதான் என்றது ஆய்வு. ஜப்பானால் அந்த உற்பத்திக்கு ஈடுகொடுக்க இயலாது என்பது படிக்கத் தெரிந்த எவருக்கும் புரிந்திருக்கும். அறிக்கையில் குறையேதும் இல்லை, ஆயினும் நாட்டின் கொள்கைக்கு மாறானது, எல்லாப் படிகளையும் எரித்துவிடுங்கள் என்று ராணுவத் தலைமை உத்தரவிட்டதாக அரிசாவா பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். 1988-இல் அவர் காலமான பிறகு, அவர் விட்டுச்சென்ற நூல்களுக்கிடையே அந்த அறிக்கையின் ஒரு படி கிடைத்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில் இன்னொன்றும் நடந்தது. முழுமைப் போர் ஆய்வு நிறுவனம் என்ற பெயரில் அரசு ஓர் அமைப்பைத் தொடங்கி, பல்வேறு அமைச்சகங்களிலிருந்தும் படைகளிலிருந்தும் முப்பது வயதைச் சற்றே கடந்த அதிகாரிகளைத் திரட்டியிருந்தது. அவர்கள் ஒரு மாதிரி அமைச்சரவையாக அமர்ந்து, போர் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை மாதம் மாதமாக ஒத்திகை பார்த்தனர். தொடக்கத்தில் வெற்றிகள் கிட்டும், போர் நீளும், கப்பல்கள் மூழ்கும் வேகத்துக்குப் புதியவற்றைக் கட்ட முடியாது, எண்ணெய் வந்து சேராது, இறுதியில் சோவியத் ஒன்றியமும் நுழையும், தோல்வி உறுதி. ஆகஸ்ட் இறுதியில் இதைப் பிரதமர் கொனோயே முன்னிலையில் எடுத்துரைத்தனர். கேட்டுக்கொண்டிருந்த ராணுவ அமைச்சர் டோஜோ, இது மேசைமேல் நடந்த பயிற்சி, ரஷ்யாவுடனான போரிலும் வெல்வோம் என்று எண்ணியா இறங்கினோம், போர் கணக்குப்படி நடப்பதில்லை என்ற பொருளில் பதிலளித்தார். இரு மாதங்களுக்குள் அவரே பிரதமரானார்.

'அறிஞர்கள் சொன்னார்கள், மூடர்கள் கேட்கவில்லை' என்று இந்தக் கதையை முடித்துவிடுவது எளிது. நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். பொருளியல் சிந்தனை வரலாற்றாய்வாளர் குனியாகி மக்கினோ 2018-இல் வெளியிட்ட நூலில் காட்டும் கோணம் இதைவிடச் சங்கடமானது. அமெரிக்காவின் பலம் ரகசியமே அல்ல, அன்றைய பத்திரிகைகளிலேயே எழுதப்பட்டது, தலைவர்களுக்கும் தெரியும். தெரிந்துதான் இறங்கினார்கள். ஏன்? 1941 ஆகஸ்டில் அமெரிக்கா எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. சும்மா இருந்தால் இரண்டு மூன்று ஆண்டுகளில் மெல்ல மெல்ல வற்றிப்போவது உறுதி. போரில் இறங்கினால் பேரழிவுக்கே வாய்ப்பு அதிகம். ஆயினும், ஜெர்மனி பிரிட்டனை வீழ்த்திவிட்டால் சாதகமான உடன்பாடு ஒன்று கிட்டலாம் என்ற சிறு வாய்ப்பும் இருந்தது. உறுதியான இழப்புக்கும், பெரிய இழப்பையும் சிறிய நம்பிக்கையையும் கலந்து தரும் சூதாட்டத்துக்கும் இடையே நிறுத்தப்பட்டால் மனிதர்கள் சூதாட்டத்தையே தேர்ந்தெடுக்க முனைவார்கள் என்பது டேனியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் நிறுவிய கோட்பாடு. அப்படிப் பார்த்தால், அறிஞர்களின் கணக்கு ஆட்சியாளர்களை எச்சரிக்கவில்லை. நிதானமான வழி ஒவ்வொன்றும் அடைபட்டுவிட்டது என்று காட்டி, அவர்களைச் சூதாட்டத்தின் பக்கம் தள்ளியும் இருக்கலாம்.

அந்த நவம்பரில் முன்னாள் பிரதமர்களின் கூட்டத்தில் கடற்படைத் தளபதியாக இருந்த மிட்சுமாசா யோனாய் மட்டும் இந்த மனநிலையைச் சரியாகப் பிடித்தார். சிறுகச் சிறுக ஏழையாவதைத் தவிர்க்கப்போய் ஒரேயடியாக ஓட்டாண்டியாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பொருளியல் படிக்காதவர். ஆனால் நான் அறிந்த பொருளியல் அறிவுரைகளில் இதைவிடச் சிறந்தது குறைவு.

எண்கள் தவறாகப் பயன்படாமல் இருக்க, அவற்றைக் கேட்கும் காலமும் சரியாக இருக்க வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் அதே எண்களை எடுத்து வைத்திருந்தார். பொருளாதார இதழாளர் டான்சான் இஷிபாஷி 1921-இல் எழுதிய கட்டுரையில், கொரியா, தைவான், சீனாவின் குவான்டுங் குத்தகை நிலம் ஆகிய மூன்றோடும் சேர்த்து ஜப்பான் செய்த வணிகத்தைவிட அமெரிக்காவுடன் மட்டும் செய்த வணிகம் பெரிது என்று காட்டினார். இந்தியாவும் பிரிட்டனும்கூடத் தனித்தனியே அந்தக் காலனிகளில் ஒன்றுக்கோ இரண்டுக்கோ ஈடான வாடிக்கையாளர்கள். பிறகு எதற்காகக் காலனிகளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும், அவற்றைக் காக்கப் படை பெருக்க வேண்டும், அந்தப் படையைக் கண்டு மற்றவர்களை அஞ்ச வைக்க வேண்டும்? எல்லாவற்றையும் விட்டுவிடுவோம், வணிகம் செய்வோம் என்றார். அன்று எண்ணெய்த் தடை இல்லை, நேரமும் இருந்தது. யாரும் செவிமடுக்கவில்லை. 1956 டிசம்பரில் அவர் பிரதமரானார். உடல்நலக் குறைவால் இரண்டே மாதங்களில் பதவி விலகினார்.

ஜப்பான் சரணடைந்ததாக மன்னர் வானொலியில் அறிவித்த மறுநாள், 1945 ஆகஸ்ட் 16 அன்று, எரிந்துபோன டோக்கியோவில் ஒரு சிறு கூட்டம் கூடியது. கூட்டியவர் மின்பொறியியல் படித்து அரசுப் பணியில் இருந்த முப்பது வயது இளைஞர் சபுரோ ஒகிடா. நாட்டை எப்படி மீட்டெடுப்பது என்பதே பொருள். அரிசாவாவும் அந்த ஆய்வில் சேர்ந்தார். அவர்கள் தயாரித்த அறிக்கையை 1946-இல் வெளியிட்டது நிதி அமைச்சகம் அல்ல, வெளியுறவு அமைச்சகம். படையில்லாத நாட்டுக்குப் பொருளாதாரமே வெளியுறவு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அதே ஒகிடா 1979-இல் வெளியுறவு அமைச்சரானார்.

ஷிகேரு யோஷிடா வகுத்த பாதை நாம் அறிந்ததே. பாதுகாப்பை அமெரிக்காவிடம் ஒப்படைத்துவிட்டு, குறைந்த படை, நிறைந்த வணிகம். அரசமைப்புச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு இதற்குக் கவசம். இடதுசாரி அறிஞர்கள் இந்த ஏற்பாட்டை அமெரிக்க அடிமைத்தனம் என்றனர். பன்னாட்டு அரசியல் பேராசிரியர் யோஷிகாசு சகாமோட்டோ நடுநிலை வகிப்பதே நல்லது என வாதிட்டார். கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மசடாகா கோசாகா 1963-இல், தம் 28-ஆவது வயதில், அதற்கு எதிராக யதார்த்தவாதியின் அமைதிக் கோட்பாடு என்ற கட்டுரையை எழுதிப் புகழ் பெற்றார். எனக்குப் பிடித்தது அந்தக் கட்டுரையின் தொனிதான். எதிர்த்தரப்பை அவர் ஏளனம் செய்யவில்லை. அரசியலில் விழுமியம் என்ற ஒன்றை நினைவூட்டியது அவர்களின் பங்களிப்பு என்று ஒப்புக்கொண்டே தம் வாதத்தை நகர்த்தினார். இன்று யதார்த்தவாதம் என்ற பெயரில் தொலைக்காட்சிகளில் முழங்குவோர் அதை ஒருமுறை படிக்கலாம்.

கோசாகாவின் பெரும் பணி 1980-இல் வந்தது. பிரதமர் மசயோஷி ஒஹிரா அமைத்த ஆய்வுக் குழு ஒன்று 'விரிவான பாதுகாப்பு' என்னும் கருத்தை முன்வைத்தது. தலைவர் மசமிச்சி இனோகி, தற்காப்புக் கல்லூரியின் தலைவராக இருந்த கல்வியாளர். அறிக்கை எழுதியதில் முதன்மையானவர் கோசாகா. அமெரிக்க உறவு, தற்காப்பு வலிமை, சீனா, சோவியத் ஒன்றியம் ஆகியவற்றுடன் எரிசக்தி, உணவு, பெரும் நிலநடுக்கம் ஆகியவையும் அதே அறிக்கையில் அதே தகுதியுடன் இடம்பெற்றன. ஒரு நாட்டின் அணிகலன்களாக வள்ளுவர் எண்ணிய ஐந்தில் காவல் ஒன்று; நோயின்மையும் விளைச்சலும் அதன் பக்கத்திலேயே நிற்கின்றன என்பது நம் வாசகர்களுக்கு நினைவு வரலாம். அறிக்கை ஜூலையில் அளிக்கப்பட்டது. அதைக் கேட்ட ஒஹிரா மூன்று வாரங்களுக்கு முன்பு, ஜூன் 12-இல், தேர்தல் பரப்புரைக்கு நடுவே காலமாகிவிட்டார்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1991 வளைகுடாப் போருக்கு ஜப்பான் 1,300 கோடி டாலர் அளித்தது. போருக்குப் பின் குவைத் வெளியிட்ட நன்றி விளம்பரத்தில் ஜப்பானின் பெயர் இல்லை. அந்த அவமானம் டோக்கியோவில் ஒரு தலைமுறையை மாற்றியது. மறு ஆண்டே அமைதிப் படைச் சட்டம் வந்தது, கம்போடியாவுக்குப் படை சென்றது. 2010-இல் சென்காகு தீவுகளுக்கு அருகே நடந்த படகு மோதலைத் தொடர்ந்து சீனாவிலிருந்து அரிய மண் தனிமங்களின் வரத்து தடைப்பட்டது. 2014, 2015, பின்னர் 2022 டிசம்பரில் மூன்று பாதுகாப்பு ஆவணங்கள். ஐந்தாண்டுகளில் 43 லட்சம் கோடி யென், அதாவது நம் மதிப்பில் ஏறத்தாழ 25 லட்சம் கோடி ரூபாய். 2027-க்குள் பாதுகாப்புச் செலவு ஒட்டுமொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2% என்ற இலக்கு. 1976-இல் மிக்கி அமைச்சரவை விதித்த 1% வரம்பைப் பாடமாக நடத்திய எனக்கு, அந்த 2% எண்ணைப் பார்த்தபோது பழைய குறிப்பேட்டைக் கிழித்தெறியத் தோன்றியது. தகாய்ச்சி அந்த இலக்கை 2025 நிதியாண்டுக்கே முன்னுக்கு இழுத்தார்.

இதற்கெல்லாம் காரணமே இல்லை என்று சொல்பவன் அல்லன் நான். 2022 ஆகஸ்டில் சீனா ஏவிய ஏவுகணைகளில் ஐந்து ஜப்பானின் பொருளாதாரக் கடல் எல்லைக்குள் விழுந்தன. அதே அக்டோபரில் வடகொரிய ஏவுகணை ஜப்பானின் தலைக்கு மேல் பறந்தது. சீனாவின் அறிவிக்கப்பட்ட பாதுகாப்புச் செலவு 2023 முதல் மூன்று ஆண்டுகளாக ஆண்டுக்கு 7.2% வளர்ந்துள்ளது. யொனாகுனி தீவிலிருந்து தைவான் சுமார் 110 கிலோமீட்டர்தான். இவற்றைக் கண்டும் காணாதிருப்பது அறிஞனின் வேலை அல்ல. என் மனக்குறை வேறு.

43 லட்சம் கோடி யென் என்று கணக்கிட்டபோது, ஒரு டாலருக்கு 108 யென் என்று கொண்டார்கள். அதன் பின் யென் 150-ஐத் தாண்டியது. 2024-இல் 160-ஐயும் தொட்டது. டோமஹாக் ஏவுகணைகளும் எஃப்-35 விமானங்களும் டாலரில் வாங்கப்படுகின்றன. அதே தொகைக்குக் கிடைக்கும் ஆயுதங்கள் குறைந்துவிட்டன. அரசின் கடன் உள்நாட்டு உற்பத்தியைப் போல் இரு மடங்குக்கும் மேல். நிதி திரட்ட நிறுவன வரியையும் புகையிலை வரியையும் உயர்த்த 2024-இல் முடிவானது. வருமான வரி பற்றிய முடிவை அப்போது தள்ளிப்போட்டார்கள். வரியைப் பற்றிப் பேசத் துணிந்த பிரதமர் கிஷிடாவுக்கு மக்கள் 'வரி உயர்த்தும் கண்ணாடிக்காரர்' என்று பட்டப்பெயர் சூட்டியதுதான் மிச்சம்.

படைக்கு ஆள்? 2024-இல் ஜப்பானில் பிறந்த குழந்தைகள் 7 லட்சத்துக்கும் குறைவு. கணக்கெடுப்பு தொடங்கியது முதல் இதுவே முதன்முறை. தற்காப்புப் படைக்கு 2023 நிதியாண்டில் இலக்கில் பாதியளவே ஆள் சேர்ந்தது. உணவு? கலோரி அடிப்படையில் தன்னிறைவு 38% மட்டுமே. 2024-25-இல் அரிசி விலை இரு மடங்காகி, அரசு தன் கையிருப்பைத் திறக்க நேர்ந்தது. அந்த நேரம் பார்த்து வேளாண் அமைச்சர், ஆதரவாளர்கள் நிறையத் தருவதால் தாம் அரிசியை விலைக்கு வாங்கியதே இல்லை என்று பேசிப் பதவி இழந்தார். கச்சா எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மேற்காசியாவிலிருந்து மலாக்கா வழியாக வருகிறது. கப்பல் வழி அறுந்தால் என்ன ஆகும் என்ற 1941-இன் கேள்வி அப்படியே இருக்கிறது. மொத்த வணிகத்தில் ஐந்தில் ஒரு பங்கு சீனாவுடன். 1980-இன் அறிக்கை இவை அனைத்தையும் ஒரே தராசில் வைத்தது. இன்று பாதுகாப்பு என்றால் ஏவுகணை எண்ணிக்கை. அரிசியும் பிறப்பு விகிதமும் வேறு அமைச்சகங்களின் கவலை.

2022-இல் நிறைவேறிய பொருளாதாரப் பாதுகாப்புச் சட்டம் இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கிறது என்பதை மறுக்க முடியாது. அரிய மண் தனிமங்களில் சீனாவைச் சார்ந்திருந்த அளவு 2010-இல் ஏறத்தாழ 90%. ஆஸ்திரேலியச் சுரங்கத்தில் முதலிட்டும் பயன்பாட்டைக் குறைத்தும் அதை 60% அளவுக்கு இறக்கினார்கள். பத்தாண்டு உழைப்பு அது. ஒரு சொற்பொழிவில் கிடைத்ததல்ல.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது அறிவியல் பேரவையின் நிலை. 1949-இல் நிறுவப்பட்ட இந்தப் பேரவை, போருக்கான ஆராய்ச்சியில் ஈடுபட மாட்டோம் என்று 1950-லும் 1967-லும் அறிவித்தது. பாதுகாப்பு அமைச்சகத்தின் கொள்முதல் முகமை 2015-இல் பல்கலைக்கழக ஆய்வுகளுக்கு நிதி வழங்கத் தொடங்கியது. முதலாண்டு 30 கோடி யென். 2017-இல் 1,100 கோடி யென். அந்த ஆண்டே பேரவை பழைய இரு அறிவிப்புகளையும் மீண்டும் உறுதி செய்தது. 2020 அக்டோபரில் பிரதமர் சுகா, பேரவை பரிந்துரைத்த 105 பேரில் ஆறு பேரை மட்டும் நியமிக்க மறுத்தார். காரணம் கூறப்படவில்லை. அறுவரும் சமூக அறிவியல், மானுடவியல் துறையினர். அவர்களில் ஒருவரான யோகோ கட்டோ, ஜப்பானியர் எவ்வாறு போரைத் தேர்ந்தெடுத்தனர் என்பதைப் பள்ளி மாணவர்களுக்கு விளக்கும் புகழ்பெற்ற நூலை எழுதிய வரலாற்றாய்வாளர். 2025 ஜூனில் நிறைவேறிய சட்டத்தின்படி, 2026 அக்டோபர் முதல் பேரவை அரசு அமைப்பு என்ற நிலையிலிருந்து தனி நிறுவனமாக மாறுகிறது. சுதந்திரம் கூடும் என்கிறது அரசு. பிரதமர் நியமிக்கும் தணிக்கையாளரும் வெளியாரைக் கொண்ட மதிப்பீட்டுக் குழுவும் வருவதைச் சுட்டிக்காட்டுகின்றனர் எதிர்ப்பவர்கள்.

பேரவையின் 1950 நிலைப்பாடு இன்றைக்கும் அப்படியே பொருந்துமா என்பதில் எனக்கே ஐயம் உண்டு. உணர்கருவி, செயற்கைக்கோள், புதிய உலோகக் கலவை இவற்றில் படைக்குரியது எது, குடிமக்களுக்குரியது எது என்று பிரிக்க முடியாது. ஆனால் அதை விவாதித்து மாற்றுவது வேறு. விரும்பாத ஆறு பேரைக் காரணம் சொல்லாமல் நீக்குவது வேறு. பிணையில் இருந்த அரிசாவாவை அழைத்த ராணுவம்கூட, விரும்பாத விடை வந்த பிறகுதான் அறிக்கையை எரிக்கச் சொன்னது. கேள்வி கேட்பதற்கு முன்பே விடை சொல்பவரைத் தேர்வு செய்துகொள்ளும் வசதி அதற்கு இருக்கவில்லை.

இந்தியாவுக்கு இதில் என்ன? 2007 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றத்தில்தான் அபே இரு பெருங்கடல்களின் சங்கமம் பற்றிப் பேசினார். இந்தோ-பசிபிக் என்ற சொல்லாட்சிக்கு அதுவே வித்து. 2008-இன் பாதுகாப்புக் கூட்டுறவுப் பிரகடனம் 2025 ஆகஸ்டில் பிரதமர் மோடியின் டோக்கியோ பயணத்தின்போது விரிவாக்கப்பட்டது. பத்தாண்டுகளில் 10 லட்சம் கோடி யென் தனியார் முதலீடு என்ற இலக்கும் அறிவிக்கப்பட்டது. மலபார் கடற்பயிற்சியில் 2015 முதல் ஜப்பான் நிரந்தர உறுப்பினர். இலங்கையின் கடன் மறுசீரமைப்புக்கான குழுவுக்கு இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் மூன்றும் இணைந்து தலைமை வகித்தன. இத்தகைய கூட்டுறவில் ஜப்பானின் உண்மையான மூலதனம் அதன் நம்பகத்தன்மை. தென்கிழக்கு ஆசியாவில் ஆண்டுதோறும் எடுக்கப்படும் கருத்துக்கணிப்பில், பெரும் வல்லரசுகளுள் மிகுந்த நம்பிக்கைக்குரியதாகத் தொடர்ந்து முதலிடம் பெறுவது ஜப்பான்தான். ராணுவ வல்லரசாக மாட்டோம் என்று 1977-இல் மணிலாவில் பிரதமர் ஃபுகுடா அளித்த வாக்குறுதியிலிருந்து சேர்த்த சேமிப்பு அது.

நம் பங்குக்கும் ஒரு கணக்கு பாக்கியிருக்கிறது. தைவான் நீரிணையில் ஆறு மாதம் கப்பல் போக்குவரத்து நின்றால் இந்தியாவுக்குச் சில்லுகளின் வரத்து எவ்வளவு குறையும், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகள் எத்தனை வாரம் தாக்குப்பிடிக்கும், மருந்து மூலப்பொருள்களுக்கும் உரத்துக்கும் மாற்று வழி எது? இவற்றை மத்திய அரசின் அமைச்சகங்கள் தனித்தனியே ஆராய்ந்திருக்கலாம். வெளியுறவு, பாதுகாப்பு, வேளாண்மை, தொழில் ஆகிய துறைகளின் விடைகளை ஒரே மேசையில் வைத்து, அரசுக்குப் பிடிக்காத பொருளியலாளர்கள் சிலரையும் உள்ளடக்கிய குழு ஒன்று அதை எழுதட்டும். எழுதியது நாடாளுமன்ற நிலைக்குழுவின் முன்னும் வைக்கப்படட்டும். நெருக்கடி எதுவும் இல்லாத இப்போதே அதைச் செய்துவிடலாம்.